கண்ணாடிக்கு டாட்டா சொல்லப் போறீங்களா? ஒரு நிமிஷம் பாஸ்!

ஹெல்மெட்டை மாட்டினால் ஃப்ரேம் காதை அழுத்தும். டீ கிளாஸை வாய்க்குப் பக்கத்தில் கொண்டு போனால் ரெண்டு கண்ணாடியும் பனிமூட்டம். மழையில் நின்றால் வர்றது 21-ஆ, 27-ஆன்னு தெரியாமலே பஸ்ஸை விட்டுட்டு நிற்கணும். காலையில் எழுந்தவுடன் கண்ணாடியைத் தேடணும்... ஆனால், அதைத் தேடுறதுக்கே கண்ணாடி வேணும்! இது போதாதுன்னு கிளாஸில் எவனாவது ஒருத்தன் 'சோடாபுட்டி'ன்னு பெயர் வெச்சிருப்பான்.

இந்த நேரத்தில்தான் ரூம்மேட் லீவுக்கு ஊருக்குப் போயிட்டு, கண்ணாடி இல்லாமல் திரும்பி வர்றான். "லேசர்டா மச்சி, பத்தே நிமிஷம்! வலியே இல்ல!" அன்று ராத்திரியே நீங்க வீட்டுக்கு போன் போட்டு, "அப்பா, ஒரு விஷயம்..."னு ஆரம்பிக்கிறீங்க.

அவன் சொன்னது பொய் இல்லை. ரெண்டு கண்ணுக்கும் சேர்த்து ஆபரேஷன் டேபிளில் படுக்கிற நேரம் உண்மையிலேயே பத்து, பதினைந்து நிமிஷம்தான். ஆனால், அந்தப் பத்து நிமிஷம் உங்க கண்ணுக்குச் சரிப்பட்டு வருமாங்கிறதை ரூம்மேட் சொல்ல முடியாது. அவன் கண் வேறு, உங்க கண் வேறு.

நம்ம ஊர்க்காரரின் லேசர்!

கொஞ்சம் ஃப்ளாஷ்பேக். 1970-களில் சோவியத் ரஷ்யாவின் ஃபியோதரோவ் என்கிற டாக்டர், கருவிழியின் மேல் பிளேடால் சைக்கிள் சக்கரக் கம்பி மாதிரி கோடு கோடாகக் கீறி கிட்டப்பார்வையைச் சரிசெய்யும் முறையைப் பிரபலமாக்கினார். பேரு ரேடியல் கெரடாடமி. கீறல் விழுந்த கருவிழி பலவீனமாகிவிடும் என்பது அதில் பெரிய சிக்கல். 1996 மே மாதம் எவரெஸ்ட்டில் பலரைப் பலி வாங்கிய அந்தப் புயல் ஞாபகம் இருக்கா? அன்று ஏறியவர்களில் பெக் வெதர்ஸ் என்கிற அமெரிக்க டாக்டர் இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர். உயரம் ஏற ஏற, ஆக்ஸிஜன் குறையக் குறைய, அவர் பார்வை மங்கிப் போய் பாதி வழியில் நின்றுவிட்டார். உயிரோடு திரும்பியதே அதிசயம். இன்றைக்கு அந்த முறையை யாரும் சிபாரிசு செய்வதில்லை.

பிளேடுக்குப் பதில் லேசர் வந்த கதையில் ஹீரோ நம்ம ஆள்! மெட்ராஸில் பிறந்து, மெட்ராஸ் யுனிவர்சிட்டியில் கெமிஸ்ட்ரி படித்த ரங்கசாமி ஸ்ரீனிவாசன், அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தார். 1981-ல் வீட்டில் தேங்க்ஸ்கிவிங் விருந்து சாப்பிட்டு மிச்சமான வான்கோழியை மறுநாள் லேபுக்குக் கொண்டு போய், எக்ஸைமர் லேசரைப் பாய்ச்சிப் பார்த்தார். பக்கத்தில் எதுவும் கருகாமல், ஷார்ப்பாக வெட்டு விழுந்தது! 193 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட புற ஊதா ஒளி அது. சுட்டு எரிக்காமல், மூலக்கூறுகளின் பிணைப்பை மட்டும் உடைத்து விடுகிறது. அடுத்து கண் டாக்டர் ஸ்டீபன் ட்ரோக்கல் கை கோக்க, லேசர் கருவிழிக்கு வந்தது. 2013-ல் ஒபாமா கையால் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் வாங்கினார்கள் ஸ்ரீனிவாசனும் அவருடைய ரெண்டு சகாக்களும். இட்லி, தோசை தவிர நாம உலகத்துக்குக் கொடுத்தது என்னன்னு யாராவது கேட்டா, இதைச் சொல்லுங்க.

கணக்குப் போடுங்க!

மேட்டருக்கு வருவோம். கிட்டப்பார்வைன்னா கண் உருண்டை கொஞ்சம் நீளமாக இருக்கிறது. பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே விழுந்துவிடுகிறது. லேசர் அந்த நீளத்தைக் குறைப்பதில்லை. முன்னால் இருக்கிற கண்ணாடி போன்ற கார்னியாவைக் கொஞ்சம் செதுக்கித் தட்டையாக்குகிறது. அவ்வளவுதான். செதுக்கிய சதை திரும்ப வளராது. அதனால்தான் இந்தக் கணக்கு முக்கியம். ஆர்ட்ஸ் ஸ்டூடன்ட்ஸ் பயப்பட வேண்டாம், வெறும் கழித்தல்தான்!

நடுவில் கார்னியாவின் தடிமன் சராசரியாக 540 மைக்ரான். அதாவது அரை மில்லிமீட்டரை விடக் கொஞ்சம் அதிகம். லாசிக் முறையில் முதலில் மேல் பகுதியை மெல்லிய மூடி மாதிரி வெட்டித் திறப்பார்கள். அதற்கு 110 மைக்ரான் போச்சு. பிறகு ஒவ்வொரு 'பவர்' குறைக்கவும் ஏறக்குறைய 12 முதல் 15 மைக்ரான் செதுக்க வேண்டும். உங்களுக்கு மைனஸ் 6 என்றால் 90 மைக்ரான் என்று வையுங்கள். 540-ல் 110 போய், 90 போய் மிச்சம் 340. அடியில் குறைந்தபட்சம் 250 மைக்ரான் தொடாமல் இருக்க வேண்டும் என்பது பழைய விதி. இப்போது பல டாக்டர்கள் 300 இருந்தால்தான் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். ஆக, நீங்க பாஸ்!

இப்போ உங்க ஃப்ரெண்டைப் பாருங்க. கார்னியா 480, பவர் மைனஸ் 8. 480-ல் 110 போய், 120 போய்... 250. பார்டரில் நிற்கிறார். 'பாஸ் மார்க் வந்துடுச்சே'ன்னு சந்தோஷப்பட இது செமஸ்டர் இல்லை. மெலிந்த கார்னியா உள்ளிருந்து வரும் அழுத்தம் தாங்காமல் முன்னால் புடைத்துக்கொண்டு வந்தால், கண்ணாடி போட்டாலும் தெளிவாகத் தெரியாத நிலைமை வரலாம். அப்புறம் அதற்குத் தனி வைத்தியம்.

சிலருக்கு ஆபரேஷன் இல்லாமலே இந்தப் புடைப்பு வரும். கெரடோகோனஸ் என்று பெயர். டீன் ஏஜில்தான் ஆரம்பிக்கும். அடிக்கடி கண்ணைக் கசக்குகிறவர்களுக்கும், கண் அலர்ஜி இருக்கிறவர்களுக்கும் ஆபத்து அதிகம். இது லேசாக இருப்பது தெரியாமல் லேசர் செய்தால் வம்புதான். அதனால் கார்னியாவை மேப் மாதிரி கலர் கலராகப் படம் எடுத்துப் பார்க்காமல் தேதி குறிக்கிற இடம் என்றால், நைஸாக எழுந்து வந்துடுங்க.

லாசிக் மட்டும்தானா?

இல்லை. பி.ஆர்.கே. முறையில் மூடி வெட்டுவதே இல்லை. மேல் தோலை மட்டும் நீக்கிவிட்டு நேராக லேசர். தோல் மறுபடி வளர நாலைந்து நாள் ஆகும். அந்த நாட்களில் வலி, எரிச்சல், கண்ணில் தண்ணி... நிஜமாகவே அழ வைக்கும். ஆனால் கார்னியா மெலிந்தவர்களுக்கும், கபடி, பாக்ஸிங் மாதிரி அடிதடி ஆட்டம் ஆடுகிறவர்களுக்கும் டாக்டர்கள் இதைத்தான் யோசிப்பார்கள். மூடியே இல்லையென்றால், அடிபட்டு அது நகரும் என்கிற பயமும் இல்லையே! 'ஸ்மைல்' என்று இன்னொன்று. சின்ன ஓட்டை வழியாக உள்ளே இருந்து ஒரு மெல்லிய சில்லை உருவி எடுப்பார்கள். அமெரிக்காவில் 2016-ல் அனுமதி கிடைத்தது. பில் கொஞ்சம் கூடுதல்.

பவர் ரொம்ப அதிகம், கார்னியா ரொம்ப மெலிசு என்றால், கண்ணுக்குள்ளேயே இயற்கை லென்ஸுக்கு முன்னால் ஒரு லென்ஸை வைத்துவிடுவார்கள். ஐ.சி.எல். என்பார்கள். தேவைப்பட்டால் வெளியே எடுக்கலாம் என்பது ப்ளஸ். கண்ணுக்குள்ளே போகிற ஆபரேஷன், புரை விழவும் பிரஷர் ஏறவும் வாய்ப்பு உண்டு, செலவும் எகிறும் என்பது மைனஸ்.

வயசும் வேலையும்

18 ஆச்சுன்னா சட்டப்படி மேஜர். ஆனா உங்க கண்ணுக்கு அது தெரியாதே! பலருக்கு காலேஜ் படிக்கும்போதும் பவர் ஏறிக்கொண்டேதான் இருக்கும். ஒரு வருஷத்தில் அரை பவருக்கு மேல் மாறியிருந்தால் காத்திருங்கள். இல்லையென்றால் லட்சத்தைத் தொடும் பணத்தைக் கொட்டிவிட்டு, ரெண்டு வருஷத்தில் மறுபடியும் மைனஸ் 1-க்கு கண்ணாடிக் கடை வாசலில் நிற்க வேண்டியதுதான். பழைய சீட்டுகளைத் தூக்கிப் போடாதீங்க; அதுதான் ஆதாரம்.

வேலை விஷயத்தில்தான் நம்ம பசங்க நிறைய பேர் ஏமாறுகிறார்கள். ரயில்வேயில் அசிஸ்டென்ட் லோகோ பைலட் ஆக வேண்டுமா? கண்ணாடி இல்லாமல் 6/6 தெரிய வேண்டும். 'சரி, லேசர் பண்ணிட்டுப் போயிடலாம்'னு யாராவது ஐடியா கொடுத்தால் கேட்காதீங்க. லாசிக் செய்தவர்களுக்கு அந்த வேலை கிடையாது என்று நோட்டிஃபிகேஷனிலேயே போட்டிருப்பார்கள். டெஸ்ட்டில் கண்டுபிடித்தும் விடுவார்கள். எழுத்துத் தேர்வில் ஜெயித்து, மெடிக்கலில் வெளியே வருகிற வலி இருக்கே... வேண்டாம். விமானப்படையில் லாசிக்குக்கும் பி.ஆர்.கே.வுக்கும் வழி உண்டு. ஆனால் 20 வயதுக்கு முன்னால் செய்திருக்கக் கூடாது, செய்து 12 மாதம் கடந்திருக்க வேண்டும், இன்னும் சில அளவுகளும் உண்டு. அதாவது, ஆர்வக்கோளாறில் 19 வயதில் செய்துகொண்டவர் தானே தன் கதவைச் சாத்திக்கொள்கிறார்! யூனிஃபார்ம் ஆசை இருந்தால் முதலில் நோட்டிஃபிகேஷன், அப்புறம்தான் ஆஸ்பத்திரி.

இன்ஷூரன்ஸ் கொடுக்குமான்னு கேட்கிறீங்களா? 7.5 பவருக்குக் கீழே இருந்தால் மெடிக்ளெய்ம் பாலிசிகள் பொதுவாகக் கை விரித்துவிடும். அப்பா நகையை அடகு வைக்கக் கிளம்பும் முன் இதையும் அவருக்குச் சொல்லிடுங்க.

டாக்டரிடம் மறைக்காதீங்க!

முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுறீங்களா? சொல்லுங்க, அது கண்ணை வறள வைக்கும். முடக்குவாதம் மாதிரி நோய்கள் இருக்கா? சொல்லுங்க. கான்டாக்ட் லென்ஸ் போடுறீங்களா? சாஃப்ட் லென்ஸ் என்றால்கூட டெஸ்ட்டுக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே கழற்றிவிட வேண்டும். லென்ஸ் கார்னியாவின் வடிவத்தையே மாற்றி, அளவைத் தப்பாகக் காட்டும்.

ஆபரேஷனுக்குப் பிறகு சில மாதம் கண் வறண்டு உறுத்துவது சகஜம். கம்ப்யூட்டர் முன்னால் பழி கிடக்கும் கூட்டத்துக்கு இது இன்னும் தொல்லை. ராத்திரி பைக் ஓட்டும்போது எதிரே வரும் லாரி விளக்கைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரியலாம். பெரும்பாலானவர்களுக்குப் போகப் போகக் குறையும். சிலருக்கு மிச்சம் இருக்கும். கண்ணைக் கசக்கக் கூடாது, கண் மை கூடாது, நீச்சல் கூடாது, தலைக்குக் குளிக்கும்போது சோப்புத் தண்ணி உள்ளே போகக் கூடாது. எத்தனை நாளைக்கு என்று டாக்டர் சொல்வார், கேட்டுக்குங்க. நாற்பதைத் தாண்டினால் பேப்பர் படிக்கக் கண்ணாடி வருமா? வரும். லேசர் செய்தவருக்கும் வரும்.

இன்னொன்று... இதை நிறைய பேர் சொல்வதில்லை. மைனஸ் 7, 8 என்று இருந்தவருக்கு லேசரால் பவர் பூஜ்யம் ஆனாலும், கண்ணின் நீளம் அப்படியேதான் இருக்கிறது. இழுபட்டு மெலிந்த விழித்திரையும் அப்படியேதான். கண்ணுக்குள் திடீரென மின்னல் வெட்டினாலோ, கறுப்புப் புள்ளிகள் கூட்டமாக மிதந்தாலோ, திரை விழுவது போல ஒரு பக்கம் மறைத்தாலோ, 'எனக்குத்தான் பவரே இல்லையே'ன்னு இருந்துடாதீங்க. அன்றைக்கே ஓடுங்க.

முதல் வேலையா ஒரு டெஸ்ட்டுக்குப் போய் வாங்க. 'உனக்கு லேசர் சரிவராது'ன்னு ஒரு டாக்டர் சொன்னால், அவர் பெரிய வருமானத்தை விட்டுக்கொடுத்துச் சொல்கிறார் என்று அர்த்தம், அவரை நம்பலாம். விழித்திரையைப் பார்க்க சொட்டு மருந்து விட்டுப் பாப்பாவை விரிப்பார்கள். நாலஞ்சு மணி நேரத்துக்கு வெயில் கூசும், புத்தகத்தில் எழுத்து கலங்கும். பைக்கை எடுத்துட்டுப் போகாதீங்க, துணைக்கு ஒரு ஃப்ரெண்டைக் கூட்டிட்டுப் போங்க. மறுநாள் இன்டெர்னல் இருந்தா, தேதியைத் தள்ளிப் போடுங்க!