வசையாகப் பிறந்து விருதாக வளர்ந்த சொற்கள்

சைக்கிள் பந்தயக் களத்திலிருந்து சில கதைகள்

மனிதர்களைப் போலவே சொற்களுக்கும் பிறந்த ஊர் ஒன்று, வாழப் போன ஊர் ஒன்று என்று உண்டு. பிறந்த இடத்தில் ஏச்சு வாங்கிய சொல், போன இடத்தில் மாலை மரியாதையோடு வாழ்வதும் உண்டு. இதற்கு நல்ல சான்று சைக்கிள் பந்தயக்காரர்களின் பேச்சுவழக்கு. அதன் தாய்வீடு பிரான்சு. 1903-இல் தொடங்கிய 'டூர் டி பிரான்சு' பந்தயம்தான் அதை வளர்த்த தொட்டில்.

முதலில் ஓர் எளிய சொல்லைப் பார்ப்போம். ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில் தொலைக்காட்சியில் இந்தப் பந்தயத்தைப் பார்ப்பவர்கள் 'பெலோட்டன்' என்று அடிக்கடி கேட்டிருப்பார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட வீரர்கள் ஒட்டி உரசிக்கொண்டு செல்லும் பெருங்கூட்டத்துக்குத்தான் இந்தப் பெயர். பிரெஞ்சு மொழியில் அதற்குச் சிறிய நூலுருண்டை என்று பொருள். அதுவே சிறு படைப்பிரிவுக்கும் பெயராயிற்று. ராணுவத்தில் சொல்லும் 'பிளாட்டூன்' இதன் உடன்பிறப்பு. கூட்டமாகச் செல்வது அழகுக்காக அல்ல. எதிர்க்காற்றை முன்னால் செல்பவர் தாங்கிக்கொள்வதால் பின்னால் வருபவருக்கு மூன்றில் ஒரு பங்கு வரை உழைப்பு மிச்சமாகும்.

அந்தக் காற்றைத் தாங்குபவர் யார்? இங்கேதான் நம் கதை சூடுபிடிக்கிறது.

வேலைக்காரன்

குழுத் தலைவருக்காகத் தன் வெற்றியைத் துறந்து உழைக்கும் வீரருக்குத் 'தொமெஸ்தீக்' என்று பெயர். நேர்பொருள்: வீட்டு வேலைக்காரன். காற்றை மறைப்பது, தண்ணீர் சுமந்து வருவது, தேவைப்பட்டால் தன் சைக்கிளையே கொடுப்பது எல்லாம் அவர் பணி.

பந்தயத்தின் தொடக்க காலத்தில் ஒருவருக்கொருவர் உதவுவதே குற்றம். ஒவ்வொருவரும் தன் கையே தனக்குதவி என்று ஓட்ட வேண்டும். 1911-இல் மொரீஸ் புரொக்கோ என்ற வீரர், தாம் வெல்லும் வாய்ப்பை இழந்தபின் இன்னொருவருக்கு வழித்துணையாக ஓட்டினார். பந்தயத்தை நடத்திய ஆன்றி தெக்ரான்ஜ் பத்திரிகை ஆசிரியர். கோபத்தில் "வெறும் வேலைக்காரன்" என்று புரொக்கோவை எழுத்திலேயே ஏசினார். மானமுள்ளவர் சும்மா இருப்பாரா? மறுநாள் மலைப்பாதையில் எல்லோரையும் பின்தள்ளி முதலாவதாக வந்தார். ஆனாலும் பந்தயத்திலிருந்து நீக்கப்பட்டார். ஆள் போனார், சொல் நின்றது.

அந்தச் சொல்லின் நிறம் மாறியது எப்படி என்பதற்கு 1934-ஆம் ஆண்டைப் பார்க்கலாம். இருபதே வயதான ரெனே வியெத்தோ அப்போது அபாரமாக மலையேறிக்கொண்டிருந்தார். பிரெஞ்சு அணித் தலைவர் அந்தோனின் மான்யின் சக்கரம் பழுதானது. வியெத்தோ தன் முன்சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, மாற்றுச் சக்கரம் வரும்வரை சாலையோரக் கற்சுவரில் உட்கார்ந்து கண்ணீர் விட்டார். அந்தப் புகைப்படம் புகழ்பெற்றது. மறுநாளும் தலைவருக்குக் கோளாறு. வியெத்தோ வந்த வழியே மலையேறித் திரும்பிச் சென்று தன் சைக்கிளைக் கொடுத்தார். மான்யு வென்றார், வியெத்தோவுக்கு ஐந்தாம் இடம். ஆனால் மக்கள் மனத்தில் நின்றவர் வியெத்தோதான். இன்று 'தொமெஸ்தீக்' என்று தன்னைச் சொல்லிக்கொள்ள எந்த வீரரும் கூசுவதில்லை.

சிவப்பு விளக்கு

கடைசியாக வருபவருக்கு 'லாந்தெர்ன் ரூஜ்', அதாவது சிவப்பு விளக்கு என்று பெயர். நம் லாந்தர் விளக்குக்கு உறவுக்காரச் சொல்தான். ரயிலின் கடைசிப் பெட்டியில் எரியும் சிவப்பு விளக்கை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். பெட்டி எதுவும் கழன்றுவிடாமல் வண்டி முழுதாய்ப் போய்ச் சேர்ந்தது என்பதற்கு அது அடையாளம். பந்தயத்திலும் அப்படியே. இடையில் விலகியவர்கள் பலர் இருக்க, இறுதிவரை வந்து சேர்ந்தவர் அவர். இதில் வருமானமும் இருந்தது. பந்தயம் முடிந்தபின் ஊர் ஊராக நடக்கும் காட்சிப் போட்டிகளுக்கு முதலாமவரைப் போலவே கடைசி ஆளையும் அழைத்தார்கள். பெல்ஜியத்தின் விம் வான்செவனன்ட் 2006, 2007, 2008 என மூன்று முறை கடைசியாக வந்து பெயர் பெற்றார்.

இத்தாலியிலோ 1946 முதல் 1951 வரை கடைசி ஆளுக்குக் கறுப்புச் சட்டையே இருந்தது. அதற்காக லூயிஜி மலபுரொக்கா என்பவர் வழியில் ஒளிந்துகொண்டு நேரத்தைக் கடத்துவாராம்! 1951-இல் கறுப்புச் சட்டை பெற்றவர் ஜொவன்னி பினரெல்லோ. பிற்பாடு அவர் சைக்கிள் தயாரிப்பில் இறங்கினார். 1991 முதல் 1995 வரை ஐந்து முறை டூர் டி பிரான்சை வென்ற மிகேல் இந்துரெயின் ஓட்டியது அந்தப் பினரெல்லோ சைக்கிள்தான்.

மஞ்சள் சட்டையும் கேலியும்

முன்னணி வீரரின் மஞ்சள் சட்டைகூடக் கேலிக்குத் தப்பவில்லை. தெக்ரான்ஜின் 'லோட்டோ' பத்திரிகை மஞ்சள் தாளில் அச்சாயிற்று. 1919-இல் அதே நிறத்தில் சட்டை தைத்து எஜேன் கிறிஸ்தோஃபுக்கு அணிவித்தார்கள். வழிநெடுக மக்கள் அவரைக் கானரிக் குருவி என்று கிண்டல் செய்தார்களாம். இன்று அதை ஒரே ஒரு நாள் அணியக் கிடைத்தாலும் வீரர்கள் வாழ்நாள் பேறாகக் கருதுகிறார்கள்.

நம் வழக்கில்

நம் ஊரிலும் இப்படி ஒரு சொல் உண்டு: குரங்குப் பெடல். சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாத சிறுவர்கள், பெரிய சைக்கிளின் கம்பிக்கு அடியில் காலை நுழைத்துக் கோணலாக மிதித்துப் பழகினார்கள். பார்த்தவர்கள் சிரித்து வைத்த பெயர் அது. மணிக்கணக்கு வாடகைக்கு எடுத்த சைக்கிள், சிராய்த்த முழங்கால் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும். 2024-இல் அதே பெயரில் ஒரு திரைப்படமும் வந்தது.

உயரத்துக்கேற்ற சைக்கிளில் பழகும் நம் பிள்ளைகளுக்கு இந்தச் சொல் தேவைப்படவில்லை. தேவைப்படாத சொல் யாராவது சொன்னால்தான் பிழைக்கும். பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் கேலிச் சொற்களைக் கதையோடு சேர்த்துக் காப்பாற்றினார்கள். நம் வீட்டுப் பெரியவர்களிடமும் கதை இருக்கிறது. பிள்ளைகளை அருகில் உட்கார வைத்துக் கேட்டுப் பாருங்களேன்!