‘என்னை நோக்கி வா’ என்ற பாறை

மலேசியாவில் சீனப்பள்ளிக்குப் போகும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மாண்டரின் டியூஷன் எடுப்பது என் தொழில். நானும் அப்படிப் படித்து வந்தவள்தான். போன தவணையில் ஆறாம் ஆண்டுப் பையன் ஒருவன், தன் பாட்டியைப் பற்றிய கட்டுரையில் அவரை “எங்கள் வீட்டின் ஜோங்லியூ தீஜூ” என்று எழுதியிருந்தான். பாட்டி மேல் பாசம் சரி, சொல் சரியில்லை. சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டு, மேலே ‘திங்லியாங்ஜூ’ என்று எழுதிக் கொடுத்தேன். உத்தரத்தைத் தாங்கும் தூண் என்று அர்த்தம். குடும்பத்தைத் தாங்குகிறவர்களுக்கு அதுதான் வழக்கு.

“டீச்சர், ரெண்டும் தூண்தானே?” என்று கேட்டான். நியாயமான கேள்வி. ஒன்று கூரைக்குக் கீழே நிற்கிற தூண், மற்றது வெள்ளத்துக்கு நடுவே நிற்கிற தூண் என்றேன்.

சீனத்தில் ‘செங்யூ’ என்று ஒரு வகைத் தொடர்கள் உண்டு. பெரும்பாலும் நான்கே எழுத்து, ஆனால் பல தொடர்களுக்குப் பின்னால் ஒரு பழைய கதை ஒளிந்திருக்கும். கட்டுரையில் இரண்டு மூன்றைச் செருகினால் மதிப்பெண் ஏறும் என்பதால், பிள்ளைகள் கதை தெரியாமலே மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். எனக்கு அதில் கோபம் உண்டு. ஜோங்லியூ தீஜூவை நடத்தும் நாளில் நான் பாடப்புத்தகத்தை மூடிவிட்டு வரைபடத்தைத்தான் விரிப்பேன். காரணம், தீஜூ கற்பனை இல்லை. மஞ்சள் ஆற்றில் இன்றும் நிற்கிற ஒரு பாறையின் பெயர் அது.

ஷான்சி, ஹெனான் மாநிலங்களின் எல்லையில் மஞ்சள் ஆறு சான்மென் என்ற மலையிடுக்குக்குள் நுழைகிறது. சான்மென் என்றால் மூன்று வாசல். ஆற்றுக்குள் கிடந்த பாறைத் தீவுகள் தண்ணீரை மூன்றாகப் பிளந்தன: மனித வாசல், தேவ வாசல், பேய் வாசல். வெள்ளத்தை அடக்கிய யூ மன்னர் மலையை வெட்டித் திறந்த வாசல்கள் இவை என்பது ஐதீகம். பேய் வாசலுக்குள் போன படகு திரும்பாது என்பார்கள். மூன்று ஓட்டங்களும் கீழே வந்து ஒன்றாக மோதும் இடத்தில், நட்டாற்றில், தன்னந்தனியாக நிற்பதுதான் தீஜூ.

இதை வேடிக்கை பார்க்கும் இடமாக நினைக்கக் கூடாது. தாங் வம்சத் தலைநகர் சாங்ஆனுக்குக் கிழக்குச் சமவெளியிலிருந்து தானியம் போன வழி இது. இங்கே படகு உடைந்தால் அங்கே அரண்மனையில் அடுப்பு எரியாது. கி.பி. 638இல் பேரரசர் தைசோங் நேரில் வந்து பாறையைப் பார்த்து, அமைச்சர் வெய் ஜெங் எழுதிய புகழுரையைக் கல்லில் வெட்டச் செய்தார். புகழுரையால் படகு கரை சேருமா? நூறு ஆண்டு கழித்து பெய் யாவ்சிங் என்ற அமைச்சர்தான் உருப்படியாக ஒன்று செய்தார். இடுக்குக்குக் கிழக்கே ஒரு களஞ்சியம், மேற்கே ஒரு களஞ்சியம், நடுவே மலைமேல் 18 லீ நீளத்துக்கு வண்டிப்பாதை. ஆபத்தான அந்தத் துண்டில் மட்டும் தானியத்தைத் தண்ணீரிலிருந்து இறக்கி வண்டியில் கடத்தினார். மூன்றே ஆண்டில் 70 லட்சம் ஷீ தானியம் தலைநகர் போய்ச் சேர்ந்தது. ஒரு ஷீ என்பது ஏறத்தாழ ஒரு மூட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகும் படகுகள் போகத்தான் செய்தன. எதிரோட்டத்தில் அவற்றை இழுத்தவர்கள், செங்குத்துப் பாறையில் துளை போட்டுப் பலகை பதித்த பாதையில் குனிந்து நடந்தார்கள். அவர்களுடைய கயிறு உரசி உரசிப் பாறையில் விழுந்த பள்ளங்களை 1950களில் தொல்லியலாளர்கள் அளந்து பதிவு செய்தார்கள். அரசர் வெட்டச் சொன்ன எழுத்தைவிட எனக்கு அந்தப் பள்ளங்கள் பெரிது.

ஆற்றோடு இறங்கி வந்த படகோட்டிகள் தீஜூவுக்கு வைத்த பெயர் வேறு: ‘சாவ் வோ லாய்’. ‘என்னை நோக்கி வா’ என்று பாறையே கூப்பிடுகிறதாம். வாசலைத் தாண்டியதும் படகின் மூக்கை நேராகப் பாறைக்குக் குறிவைக்க வேண்டும். பாறையில் மோதித் திரும்பும் தண்ணீர், கடைசி நொடியில் படகைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். பயந்துபோய் முன்கூட்டியே விலகினால் போச்சு, சுழல் இழுத்து வேறு பாறையில் அடித்துவிடும். இதைச் சொன்னதும் வகுப்பே நிமிர்ந்து உட்காரும்.

ஏட்டில் இந்தத் தொடருக்கு மூலமாகக் காட்டப்படுவது இன்னும் பழைய கதை. ‘யான்ஸி சுன்ச்சியூ’ என்ற நூலில், சீ நாட்டு ஜிங் கோமகனின் வீரர்கள் மூவர் இரண்டு பீச் பழங்களுக்காகத் தங்கள் பெருமையை அடுக்குகிறார்கள். அவர்களில் ஒருவர் சொல்கிறார்: ஆற்றைக் கடக்கும்போது பேராமை ஒன்று தேர்க்குதிரையைக் கவ்வி தீஜூவின் நடுநீரோட்டத்துக்குள் இழுத்துப் போயிற்று, நான் குதித்து அதைக் கொன்று, ஒரு கையில் குதிரை வாலும் மறு கையில் ஆமைத் தலையுமாக வெளியே வந்தேன் என்று. பழம் யாருக்கு என்ற சண்டையில் கடைசியில் மூவருமே உயிரை விடுகிறார்கள். அசையாத உறுதியைச் சொல்லும் தொடருக்கு இப்படி ஒரு வீம்புக் கதை மூலமாக வாய்த்திருக்கிறது!

இன்று இதை எங்கே பயன்படுத்துவது? நெருக்கடியில் நாட்டையோ படையையோ ஒரு அணியையோ விழாமல் நிறுத்துகிறவர்களுக்கு. ஒரு மருத்துவமனையின் மூத்த செவிலியர்களைச் சொல்லலாம். காருக்கோ கட்டடத்துக்கோ பொருந்தாது. செய்தித்தாளில் அதிகம் அடிபடுவது அரசியலில்தான். 1937–45 ஜப்பானிய எதிர்ப்புப் போரில் தாங்களே ஜோங்லியூ தீஜூ என்று பீஜிங்கில் கம்யூனிஸ்ட் கட்சி சொல்கிறது. பெரும்போர்களை நடத்தியது தங்கள் படை என்று, அன்று ஆட்சியில் இருந்த கோமிந்தாங் கட்சித் தரப்பு மறுக்கிறது. நான்கு எழுத்துக்கு இத்தனை பங்காளிச் சண்டை.

பாறைக்கு வருவோம். மூன்று வாசல்கள் இருந்த இடத்தில் 1957இல் சோவியத் உதவியோடு அணை கட்டத் தொடங்கினார்கள். உயரம் 106 மீட்டர். மஞ்சள் ஆறு வண்டல் ஆறு, தண்ணீரை நிறுத்தினால் மண் எங்கே போகும் என்று கேட்டவர் சிங்ஹுவா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹுவாங் வான்லி. கட்டியே தீருவீர்கள் என்றால், கட்டும்போது ஆற்றைத் திருப்ப அணையின் அடியில் வைக்கும் துளைகளையாவது அடைக்காமல் விடுங்கள் என்றும் சொன்னார். அடைத்தார்கள். அவருக்கு ‘வலதுசாரி’ முத்திரை குத்தினார்கள். 1960 செப்டம்பரில் நீர் தேக்கியதும் ஒன்றரை ஆண்டில் சுமார் 150 கோடி டன் வண்டல் படிந்தது. மேலே தோங்குவானில் ஆற்றுப்படுகை நாலரை மீட்டர் உயர்ந்தது. அங்கே மஞ்சள் ஆற்றில் கலக்கும் வெய் ஆற்று நீர் வடியாமல் பின்னுக்குத் தேங்கி, சியான் நகரத்துக்கே ஆபத்தானது. பிறகு அதே துளைகளைச் செலவு செய்து உடைத்துத் திறந்தார்கள். ஹுவாங் மீதான முத்திரை 1980இல்தான் நீங்கியது. 2001இல் காலமானார்.

தீஜூ இப்போது அந்த அணைக்குக் கீழே நிற்கிறது. மதகு திறக்கும் நாளில்தான் அதைச் சுற்றி ஓடும் தண்ணீருக்குப் பழைய வேகம்.

என்னோடு வேலை பார்க்கும் சீன ஆசிரியையிடம், இந்தத் தொடரை நான் ஹுவாங் வான்லிக்குத்தான் கொடுப்பேன் என்றேன். அவர் ஒப்பவில்லை. “தங்கச்சி, அவர் தனியாக நின்றார், ஆனால் எதையும் தாங்க விடவில்லையே. தாங்கினால்தான் அந்தப் பெயர். இலக்கணப்படி தப்பு” என்றார். படகுகள் அந்தப் பக்கம் குறிவைக்காதது பாறையின் குற்றமா என்று கேட்டேன். “பரீட்சைத்தாளில் எழுதினால் நான் மார்க் தர மாட்டேன்” என்றார்.

நான் தருவேன்.