மருந்தக வியாபாரமும் மருந்தாளர் கல்வியும்

எமது வர்த்தகர்களில் பலர் மருந்தகம் நடத்துகின்றனர். கடை சொந்தம், முதல் சொந்தம். ஆனால் அனுமதிப்பத்திரம் தங்கியிருப்பதோ சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட ஒருவரின் சான்றிதழில். அவர் விலகினால் கடையை மூட வேண்டியதுதான். இந்த நிலையை மாற்றக்கூடிய கல்வியே மருந்தாளர் கல்வி.

2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை உருவாக்கப்பட்டது. மருந்தகங்களுக்கும் மருந்து இறக்குமதியாளர்களுக்கும் அனுமதிப்பத்திரம் வழங்குவது இச்சபையே. இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்ற மருந்தாளர் ஒருவரின் மேற்பார்வையில்தான் மருந்து விற்கப்பட வேண்டும். சான்றிதழைச் சுவரில் மாட்டிவிட்டு ஆள் வேறிடத்தில் இருப்பது சட்டப்படி தவறு. மருந்து மாறிக் கொடுக்கப்பட்டால் ஓர் உயிரே போகலாம். வியாபாரத்தில் அமானிதம் பேணும் எம்மவர்கள் இதனை இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மருந்தாளராவதற்கான வழிகளில் இரண்டைப் பார்ப்போம். முதலாவது பட்டப்படிப்பு. க.பொ.த. உயர்தரத்தில் உயிரியல் விஞ்ஞானப் பிரிவில் கற்று, போதிய இஸட் புள்ளி பெறுவோர் நான்கு வருட பீ.பாம் பட்டத்துக்குத் தெரிவாகலாம். பேராதனை, ஸ்ரீ ஜயவர்தனபுர, யாழ்ப்பாணம், றுஹுணு பல்கலைக்கழகங்களில் இது கற்பிக்கப்படுகின்றது. மருந்து இரசாயனவியல், மருந்தியல், மருந்து தயாரிப்பு முறை, மருந்துச் சட்டம் என்பன பாடங்களில் அடங்கும்.

இரண்டாவது, பதிவு பெற்ற மருந்தாளர் ஒருவரின் கீழ் பயிலுநராக இருந்து, உரிய பரீட்சையில் சித்தியடைவது. பல்கலைக்கழக அனுமதி கிடைக்காத பிள்ளைகளுக்கு இது நல்ல வாய்ப்பு. தேவையான தகைமைகளை மருத்துவ சபையிடமே நேரில் கேட்டறிந்துகொள்ளுங்கள். பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்ப எண்ணுவோர், அங்கு பெறும் பட்டம் இங்கு அங்கீகரிக்கப்படுமா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்னரே உறுதிப்படுத்த வேண்டும்.

இக்கல்வி கடையோடு முடிந்துவிடுவதில்லை. அரசாங்க வைத்தியசாலைகள், 1971இல் தொடங்கப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம், அதன் ஒசுசல கிளைகள், தனியார் மருந்துத் தொழிற்சாலைகளின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுகள் ஆகியவற்றிலும் தொழில் உண்டு. இறக்குமதி நிறுவனங்களுக்கு, மருந்துகளைப் பதிவு செய்யும் ஆவணங்களைத் தயாரிக்கத் தெரிந்தவர்கள் தேவை. வளைகுடா நாடுகளுக்குச் செல்வோர் அந்தந்த நாட்டின் உரிமப் பரீட்சையில் தேற வேண்டும். வீட்டுக்கு அருகிலேயே தொழில் செய்ய விரும்பும் பெண் பிள்ளைகளுக்கும் இது பொருத்தமான துறை.

2022இல் டொலர் நெருக்கடியால் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டதை நாம் மறந்திருக்க முடியாது. எமது மருந்துத் தேவையின் பெரும்பகுதி இறக்குமதியிலேயே தங்கியுள்ளது. ஆகவே உள்நாட்டு உற்பத்தியில் முதலிட எண்ணும் வர்த்தகர்களுக்கும் இத்துறை கற்றவர்கள் அவசியம்.

பிள்ளை சாதாரண தரம் முடித்தவுடனேயே இதனைச் சிந்தியுங்கள். வைத்தியத்துறை கிடைக்கவில்லையென்றால் எல்லாம் முடிந்துவிட்டது என்ற எண்ணத்தைக் கைவிடுங்கள். கடைக்கு இன்னொரு கிளை திறக்கும் பணத்தில் ஒரு பகுதியைப் பிள்ளையின் கல்விக்குச் செலவிட்டால், இன்ஷா அல்லாஹ், நாளை இரவல் சான்றிதழைத் தேடி அலைய வேண்டி வராது.