கன்னி நாய் வளர்ப்பும் ஊர்ப் பாதுகாப்பும்

கன்னி என்பது தென்தமிழகத்தின் கரிசல் நிலப்பகுதியில் வளர்க்கப்பட்டு வரும் நாட்டு நாய் இனங்களுள் ஒன்று. தூத்துக்குடி மாவட்டத்தின் கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரத்தை அடுத்த கீழஈரால் ஆகிய ஊர்களின் சுற்றுவட்டாரத்தில் இது பரவலாக அறியப்பட்டது. கறுப்பு உடலும், கால்களிலும் முகத்திலும் பழுப்பு நிறமும் கொண்டதைக் கன்னி என்றும், வெளிர் நிறத்ததைப் பால்கன்னி என்றும் அழைப்பர். விருதுநகர் மாவட்டத்துச் சிப்பிப்பாறை என்னும் ஊரின் பெயரைப் பெற்ற சிப்பிப்பாறை நாயும் இதுவும் ஒரே இனத்தின் நிற வேறுபாடுகளே என்று கருதுவோரும் உண்டு. மணப்பெண்ணுக்குச் சீராகக் கொடுக்கப்பட்டதால் கன்னி எனப் பெயர் வந்தது என்பது வளர்ப்போரிடையே வழங்கும் பேச்சு.

2020 ஆகஸ்ட் 30 அன்று பிரதமர் தம் வானொலி உரையில் இராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை ஆகியவற்றோடு கன்னியையும் குறிப்பிட்டார். வெளியூர்களிலும் இந்நாய் பேசப்படத் தொடங்கியது. ஆனால் இந்த நாய் எதற்காக உருவானது என்பதை அறியாமல் அதைத் தெருவீட்டில் வைத்துக் காப்பது கடினம்.

கண்ணால் வேட்டையாடும் நாய்

பெரும்பாலான நாய்கள் மோப்பத்தை நம்பி இரை தேடும். கன்னி, சிப்பிப்பாறை போன்றவை கண்ணை நம்புபவை. நீண்ட கால், ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு, ஒடுங்கிய தலை எல்லாம் ஓட்டத்துக்கென அமைந்தவை. தொலைவில் முயல் அசைந்தால் போதும், அடுத்த நொடி நாய் அங்கே இருக்கும். மரம் குறைந்த, கண்ணுக்கெட்டிய தூரம் திறந்து கிடக்கும் கரிசல் காடு அதற்கு ஏற்ற களம்.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு முயல் வேட்டை குற்றமாயிற்று. வேலை போனது, ஆனால் கண் போகவில்லை. இன்று அந்தக் கண்ணுக்குத் தெரிவது சாலைக்கு அப்பால் ஓடும் ஆட்டுக்குட்டியோ கோழியோ பூனையோதான். எட்டயபுரத்தையொட்டி மதுரை - தூத்துக்குடி நான்குவழிச் சாலையும், கோவில்பட்டியையொட்டி மதுரை - திருநெல்வேலி நான்குவழிச் சாலையும் செல்கின்றன. இரையின் மேல் கண் வைத்துவிட்ட நாய் லாரியைப் பார்ப்பதில்லை. எசமான் கூப்பிடும் குரலும் அதன் காதில் விழுவதில்லை. எவ்வளவு பழக்கிய நாயாக இருந்தாலும் இந்த ஒரு கணத்தில் பழக்கம் உதவாது. ஆகவே ஊருக்குள் கயிறில்லாமல் இதை அழைத்துச் செல்லக் கூடாது.

கயிற்றிலும் ஒரு சிக்கல் உண்டு. இந்த இனத்தின் தலை கழுத்தைவிடக் குறுகலானது. கடையில் வாங்கும் சாதாரணக் கழுத்துப்பட்டை, நாய் பின்வாங்கி இழுத்தால் தலைவழியே கழன்றுவிடும். இறுக்கிக் கட்டினால் கழுத்து புண்ணாகும். இழுக்கும்போது மட்டும் அளவோடு இறுகும் அகலமான பட்டையோ, மார்பைச் சுற்றி மாட்டும் வாரோ பொருத்தமானது. பட்டையில் எசமானின் கைபேசி எண்ணைப் பொறித்த தகடு ஒன்று தொங்குவது நல்லது. தீபாவளியின் போது இதன் அருமை தெரியும். பட்டாசுச் சத்தத்துக்கு மிரண்டு சுவர் தாண்டும் நாய் பல தெரு கடந்துதான் நிற்கும். அந்த நாட்களில் மாலை தொடங்குமுன்பே நாயை வெளியே உலாத்திக் கொண்டுவந்து, உள்ளறையில் விட்டுக் கதவைச் சாத்திவிட வேண்டும்.

சங்கிலி

ஓடிவிடும் என்பதற்காக நாள் முழுதும் குட்டைச் சங்கிலியில் கட்டிவைப்பதும் தீர்வாகாது. 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், அளவுக்கு மீறிய நேரம் குட்டையான அல்லது கனத்த சங்கிலியில் கட்டிவைப்பதையும், எப்போதும் கட்டியே கிடக்கும் நாய்க்கு நடமாட்டம் தராமல் விடுவதையும் வதையாகவே கொள்கிறது. ஓடப் பிறந்த நாய் கட்டியே கிடந்தால் குரைப்பு கூடும், சீற்றம் கூடும். ஒருநாள் அவிழ்ந்தால் முதலில் எதிர்ப்படும் சிறுவன் மேல் பாயும். தெருவில் பலர் அஞ்சும் நாய்களில் இப்படிக் கட்டிக் கெடுக்கப்பட்டவை சில உண்டு. காலையும் மாலையும் நடையும், வேலியிட்ட தோட்டத்திலோ சுற்றுச்சுவருக்குள்ளோ சிறிது ஓட்டமும் கிடைத்தால் மற்ற நேரமெல்லாம் இது சோம்பேறியாகச் சுருண்டு படுக்கும் நாய்தான். ஓட விடும் இடத்தில் கைப்பிடிச் சுவரில்லாத தரைக்கிணறு இல்லை என்பதை முன்னமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெயில், தீனி, உண்ணி

நாய்க்கு மனிதரைப் போல உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் சூட்டைத் தணிக்கிறது. மென்மயிர் கொண்ட கன்னிக்குக் கோடை ஓரளவு பழக்கம். அடர்மயிர்க் குளிர்நாட்டு நாய்களும், மூக்கு சப்பையான பக் போன்றவையும் இந்த வெயிலில் படும் பாடு தனி. எந்த நாயானாலும் சித்திரை, வைகாசியில் பகல் ஓட்டம் கூடாது. தார்ச்சாலையில் புறங்கையை வைத்துப் பார்த்துக் கை தாங்காவிட்டால் நாயின் காலும் தாங்காது. ஐப்பசி மழையில் வேறு தொல்லை. கரிசல் மண் விரலிடுக்கில் அப்பிக் காய்ந்து கட்டியாகிப் புண்ணாக்கும். வெளியே போய்வந்ததும் கால் கழுவித் துடைக்க வேண்டும்.

கூழும் மோரும் இந்நாய்க்குப் பழைய தீனி. வேட்டை இருந்த காலத்தில் இறைச்சியும் அவ்வப்போது கிடைத்தது. இன்று கூழ் மட்டும் ஊற்றினால் புரதம் போதாது. முட்டையோ வேகவைத்த இறைச்சியோ சேர வேண்டும். ஒல்லியாக இருப்பது இதன் இயல்பு. கடைசி இரண்டு மூன்று விலா எலும்புகள் தெரிவதைக் கண்டு பட்டினி போடுகிறார்கள் என்று அக்கம்பக்கத்தார் பேசுவதுண்டு. அது பட்டினி அல்ல. முதுகுத்தண்டும் இடுப்பெலும்பும் துருத்தினால்தான் கவலைப்பட வேண்டும். ஆழ்ந்த மார்புள்ள நாய் வயிறு நிறையத் தின்றவுடன் ஓடினால் இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. அது சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கும்.

உண்ணி, வெறும் அரிப்புத் தொல்லை அல்ல. இரத்தத்தில் கிருமியை ஏற்றிக் காய்ச்சலையும் சோகையையும் உண்டாக்கும். மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தையோ பருத்திக்கு வாங்கிய பூச்சிமருந்தையோ நாய் மேல் பூசுவது கிராமங்களில் காணப்படும் தவறு. நாய் தன் உடலை நக்கும் பிராணி. பூசியது வயிற்றுக்குள் போய்விடும்.

வெறிநாய்க்கடி

ஒரு நாயின் நலமும் ஒரு தெருவின் நலமும் நேரடியாகச் சந்திக்கும் இடம் இது. மனிதருக்கு வரும் ரேபிஸ் நோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாயின் வழியாகவே வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கடித்த நாயின் எச்சிலில் உள்ள வைரஸ் நரம்பு வழியே மூளையை நோக்கி நகர்கிறது. பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதங்களில் அறிகுறி தோன்றும். தோன்றிவிட்டால் ஏறத்தாழ எவரும் பிழைப்பதில்லை. அறிகுறிக்கு முன்னால் தடுப்பூசி போட்டால் ஏறத்தாழ எவரும் சாவதில்லை. இடைப்பட்ட அந்த நாட்கள்தான் எல்லாம்.

நீலகிரியில் ஓர் ஆங்கிலப் பெண் 1902-இல் தடுப்பூசி கிடைக்காமல் இறந்தார். அந்த நிகழ்வைத் தொடர்ந்து 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் அமைந்தது. தொப்புளைச் சுற்றிப் போடும் பதினான்கு ஊசி பற்றிய அச்சம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. அந்தப் பழைய மருந்தின் தயாரிப்பு இந்தியாவில் 2004 இறுதியோடு நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது கையில் தோலுக்குள் போடும் ஊசிதான்: முதல் நாள், பின் 3, 7, 28-ஆம் நாட்கள். அரசு மருத்துவமனைகளில் கட்டணம் இல்லை. கடிபட்டதும் ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் காயத்தில் அப்பக் கூடாது. ஆழமான கடிக்குத் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவைப்படும். கடித்தது வீட்டு நாய் என்றால் பத்து நாள் கட்டிவைத்துக் கவனிப்பர். அதற்காக மனிதருக்குப் போடும் ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது.

வெறிநாய் என்றால் கண்டதையெல்லாம் கடித்துக்கொண்டு ஓடும் என்பது பாதி உண்மை. இன்னொரு வகையில் நாய் மந்தமாக ஒதுங்கிக் கிடக்கும், தாடை தொங்கும், எச்சில் வழியும். தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று நினைத்து வாய்க்குள் கைவிட்டுப் பார்ப்பவர்கள் ஆபத்தில் மாட்டுவது இந்த வகையில்தான்.

நாய்க்கு மூன்று மாதத்தில் முதல் ரேபிஸ் ஊசி, பிறகு ஆண்டுதோறும் ஒன்று. குட்டிகளைக் கூட்டமாகக் கொல்லும் பார்வோ கழிச்சலுக்கான ஊசி அதற்கும் முன்பே, ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்குகிறது. ஜூலை 6-ஆம் நாளையும் செப்டம்பர் 28-ஆம் நாளையும் ஒட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவச ரேபிஸ் தடுப்பூசி முகாம்கள் நடப்பது வழக்கம். முதல் நாள், பாஸ்டர் 1885-இல் கடிபட்ட சிறுவனுக்கு முதன்முதலாக ஊசி போட்டது. மற்றது, அவர் இறந்த நாள். கடினமான நோய்க்கு, இவ்வட்டாரத்தார் திருநெல்வேலி இராமையன்பட்டியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்குச் செல்லலாம்.

ஓர் ஊரில் பத்தில் ஏழு நாய்களுக்கு ஊசி போட்டிருந்தால் நோய் பரவும் சங்கிலி அறுந்துபோகும் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட கணக்கு. எட்டயபுரம் போன்ற ஒரு பேரூராட்சியில் அந்த ஏழில் வீட்டு நாய்களும் தெரு நாய்களும் சேர்ந்தே வரும். 2023-ஆம் ஆண்டின் விலங்குக் கருத்தடை விதிகள் தெரு நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்யும் பொறுப்பை உள்ளாட்சி அமைப்புகளிடம் கொடுத்துள்ளன; வீட்டு நாய்க்கு எசமானே பொறுப்பு. பகலில் வீட்டு நாய், இரவில் தெரு நாய் என்று அவிழ்த்துவிடப்படுபவைதான் இந்த இரண்டு கணக்கிலும் விடுபடுகின்றன. கடிவாங்கி வருவதும், பொட்டைநாய் ஒன்று சினைக்கு வந்தால் தெருவையே சண்டைக்காடாக்குவதும், விஷச்சோற்றுக்குப் பலியாவதும் பெரும்பாலும் இவையே. நாய்க்கு விஷம் வைப்பது பாரதிய நியாயச் சட்டத்தின் 325-ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். வளர்ப்பு நாயால் பிறருக்குத் தீங்கு நேராமல் காக்கத் தவறுவதும் அதே சட்டத்தின் 291-ஆம் பிரிவில் குற்றம்தான்.

குட்டி வாங்குமுன்

எட்டு வாரம் நிறையாத குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. உடன்பிறந்த குட்டிகளோடு விளையாடும்போதுதான் எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கற்கிறது. சீக்கிரம் பிரிக்கப்பட்டது பின்னாளில் குழந்தையின் கையையும் பலமாகக் கவ்வும். தாயையும் நேரில் பார்த்து, ஊசி அட்டையையும் கேட்டு வாங்க வேண்டும். ஆண்குட்டிக்கு இருக்கும் கிராக்கி பொட்டைக்குட்டிக்கு இல்லாததால் அது சாலையோரம் விடப்படுவது உண்டு; அப்படி விட்டுவிடுவதும் 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வதையே. பாரதி பிறந்த ஊர் எட்டயபுரம். குழந்தைகளுக்கு அவர் எழுதிய பாப்பாப் பாட்டில் பசுவோடும் காகத்தோடும் நாயும் இருக்கிறது. நன்றாகக் கவனித்தால் பன்னிரண்டு ஆண்டுக்கு மேலும் வாழும் நாய் இது. குட்டி வாங்கிய ஆண்டில் பள்ளியில் சேர்ந்த பிள்ளை பள்ளி முடிக்கும் வரை அது வீட்டில் இருக்கும்.