பின்னல் நீக்கம்

பின்னல் நீக்கம் அல்லது டீ-இன்டர்லேசிங் என்பது, பின்னல் முறையில் பதிவான தொலைக்காட்சி நிகழ்படத்தை முழுச் சட்டகங்களாக மாற்றும் செயற்பாடு ஆகும். பழைய நாடாக்களில் உள்ள காட்சிகளைக் கணினித் தொகுப்பு மென்பொருளில் பயன்படுத்தும்போது இது பெரும்பாலும் தேவைப்படுகிறது. சென்னையில் தூர்தர்ஷன் நிலையம் 1975 ஆகத்து 15 அன்று தொடங்கப்பட்டது. அதன் பின் தமிழ்நாட்டில் விஎச்எஸ் நாடாக்களில் பதிவான திருமணங்கள், ஊர் விழாக்கள், மேடை நாடகங்கள் ஆகியன பின்னல் முறையில் அமைந்தவையே.

பின்னல் முறை

இந்தியா பின்பற்றிய பி.ஏ.எல். முறையில் ஒரு சட்டகம் 625 கோடுகளைக் கொண்டது. இவற்றுள் 576 கோடுகளே படத்தைத் தாங்குகின்றன. நொடிக்கு 25 சட்டகங்கள் காட்டப்படுகின்றன. ஒவ்வொரு சட்டகமும் இரண்டு புலங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒன்று ஒற்றைப்படைக் கோடுகளையும் மற்றொன்று இரட்டைப்படைக் கோடுகளையும் கொண்டிருக்கும். நிகழ்படக் கருவி இவ்விரு புலங்களையும் 1/50 நொடி இடைவெளியில் பதிவு செய்கிறது. எனவே ஒரு சட்டகத்தில் இரு வேறு கணங்கள் உள்ளன.

படக்குழாய்த் தொலைக்காட்சி இப்புலங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டியது. கணினித் திரை இரண்டையும் ஒருசேரக் காட்டுவதால், ஓடும் பேருந்தின் விளிம்பு சீப்பின் பற்களைப் போலத் தோன்றும். அசையாத பொருட்களில் இக்குறை தெரியாது.

புல வரிசை

எந்தப் புலம் முதலில் வரவேண்டும் என்பதை மென்பொருளுக்குச் சரியாகக் குறிப்பிட வேண்டும். மினி டி.வி. எண்ணிம நாடாக்களில் கீழ்ப்புலமும், 1080 கோட்டு உயர்வரையறைப் பதிவுகளில் மேற்புலமும் முதலில் வரும். வரிசை தவறினால் அசையும் பொருட்கள் முன்னும் பின்னும் துள்ளும்.

முறைகள்

* புலம் கைவிடல்: ஒரு புலத்தை நீக்கி, விடுபட்ட கோடுகளை அருகிலுள்ள கோடுகளிலிருந்து நிரப்புதல். செங்குத்து நுணுக்கம் பாதியாகக் குறையும்.
* கலத்தல்: இரு புலங்களையும் சராசரியாக்குதல். அசைவுகளில் நிழலுரு தோன்றும்.
* அசைவு சார்ந்த முறை: அசையாத பகுதிகளில் இரு புலங்களையும் இணைத்து, அசையும் பகுதிகளில் மட்டும் கோடுகளைக் கணித்து நிரப்புதல். எஃப்எஃப்எம்பெக் மென்பொருளின் யாடிஃப் வடிகட்டி இவ்வகையைச் சேர்ந்தது.

ஒவ்வொரு புலத்தையும் ஒரு சட்டகமாக்கி நொடிக்கு 50 சட்டகங்கள் பெற்றால் அசைவின் இயல்பு காக்கப்படும். 25 சட்டகங்களாகக் குறைத்தால் பாதிக் கணங்கள் இழக்கப்படும்.

திரைப்படங்கள்

எல்லாத் தொலைக்காட்சிப் பதிவுகளுக்கும் பின்னல் நீக்கம் தேவையில்லை. நொடிக்கு 24 சட்டகங்கள் கொண்ட திரைப்படம் பி.ஏ.எல். முறையில் பொதுவாக 25 ஆக விரைவாக்கப்படுகிறது. இதனால் 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடியும். இங்கு இரு புலங்களும் ஒரே படச்சட்டத்திலிருந்து வருவதால், அவற்றைச் சரியாக இணைத்தாலே போதும். பின்னல் நீக்க வடிகட்டி இத்தகைய படத்தின் தெளிவைக் குறைக்கக்கூடும்.

கவனிக்க வேண்டியவை

நாடாவிலிருந்து கணினிக்கு மாற்றும்போது 576 கோடுகளையும் குறைக்காமல் பதிவு செய்தல் வேண்டும். பின்னல் நீக்குவதற்கு முன் படத்தின் உயரத்தை மாற்றினால் இரு புலங்களின் கோடுகளும் ஒன்றுகலந்துவிடும். அவற்றை மீண்டும் முழுமையாகப் பிரிக்க இயலாது. முடிந்த படைப்பு பின்னல் முறையிலேயே ஒளிபரப்பாகுமாயின் பின்னலை நீக்காமல் தொகுப்பதே ஏற்றது.

காந்த நாடாக்கள் காலப்போக்கில் சிதைவடைவதால், ஒருமுறை எடுத்த கணினிப் படியே பின்னாளில் எஞ்சும் ஒரே பதிவாகலாம். பின்னல் நீக்கிய படியிலிருந்து மூலப் புலங்களைப் பொதுவாக மீட்க முடியாது. ஆகையால் பின்னல் நீக்காத மூலப்படியையும் தனியே பாதுகாத்தல் இன்றியமையாதது.