ஓடும் எழுத்துகள்



இல்ல விளையாட்டுப் போட்டி நாளன்று திடலைச் சுற்றிப் பதாகைகள் கட்டப்படுகின்றன. அவற்றில் இல்லங்களின் பெயர்கள் தடித்தும் வலப்புறம் சாய்ந்தும் எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். பாடநூலில் நிமிர்ந்து நிற்கும் எழுத்து திடலுக்கு வந்ததும் சாய்வானேன்?

தேயிலைக் கூடையைச் சுமந்து மேட்டில் ஏறுவோரைப் பாருங்கள். உடல் முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். பந்தயத்தில் பாய்ந்து புறப்படுபவனும் அவ்வாறே. சாய்ந்தது செல்கிறது என்று நம் கண் பழகியுள்ளது. நாம் இடமிருந்து வலமாகப் படிப்பதால் வலப்புறச் சாய்வு முன்னேறுவதாகத் தோன்றும். இடப்புறம் சாய்த்தாலோ பின்வாங்குவது போலிருக்கும்!

1910களில் பிரான்சு நாட்டில் லார்ட்டிக் என்னும் இளைஞர் விரைந்தோடும் பந்தயக் காரொன்றைப் படம் பிடித்தார். அவருடைய கருவியில் ஒளி புகும் பிளவு மெல்ல நகரும் தன்மையது. அது நகர்ந்து முடிவதற்குள் கார் முன்னே சென்றுவிட்டது. ஆகவே வட்டச் சக்கரம் படத்தில் முன்பக்கம் சாய்ந்த முட்டை வடிவமாயிற்று. வேகத்தைக் காட்டச் சித்திரக்கதை ஓவியர்களும் இத்தகைய சக்கரங்களை வரைவதுண்டு.

சாய்வெழுத்து இதனினும் பழையது. 1501ஆம் ஆண்டிலேயே வெனிசு நகரத்து ஆல்டசு மனூசியசு என்பார் சாய்ந்த அச்செழுத்தில் நூல் வெளியிட்டார். அங்கு வேகம் நோக்கமன்று. அறிஞர்தம் கையெழுத்தைப் பின்பற்றியதே அச்சாய்வு.

உரோமன் பெரிய எழுத்துகளுள் பல நேர்க்கோடுகளால் ஆனவை. அவற்றைத் தடித்துச் சாய்ப்பது எளிது. தமிழோ சுழிகளும் வளைவுகளும் நிறைந்தது. கோட்டைத் தடிக்கத் தடிக்கச் சுழியின் உள்ளிடம் அடைபடும். மூன்று சுழி ணகரம் தொலைவிலிருந்து இரண்டு சுழி னகரமாகிவிடும். 'அணி' என்று எழுதியது 'அனி' எனத் தெரிந்தால் அந்த அணிக்கு என்ன பெருமை? புள்ளியின் நிலையும் இதுவே. எழுத்தோடு அதனையும் வலப்புறம் நகர்த்தாவிடில் இடம் மாறி நிற்கும். தடித்த கோட்டில் ஒட்டிக்கொண்டால் 'வெற்றி'யின் மெய்யெழுத்து மறைந்தே போகும். இக்காலக் கணினி ஒரு நொடியில் எழுத்தைச் சாய்த்துத் தரும். ஆயினும் வளைவுகளின் பருமன் கோணலாவதால் கையால் திருத்துதல் நன்று.

நம் மலைநாட்டில் மூடுபனி வேறு இறங்கும். மெல்லிய கோடு அதில் மறையும். குறுகிய சுழி அடைபட்டதுபோல் தோன்றும். ஆதலின் தடிப்பும் வேண்டும், திறந்த சுழியும் வேண்டும். முதலில் மேலும் கீழும் இரு கோடுகள் இடுக. பின்னர்ச் சுமார் பத்துப் பாகைச் சாய்வில் இணைகோடுகளை இடுக. சுழிக்கு வேண்டிய வெற்றிடத்தை முன்னதாக ஒதுக்கி, எழுத்தை அகலமாக வரைக. மலாயும் தமிழும் சேர்ந்து வரும் பதாகையில் தமிழைச் சிறிதாக்கிக் கீழே ஒதுக்குவது எனக்கு உடன்பாடன்று. சுழிகள் தெரியவேண்டுமாயின் தமிழுக்குச் சற்றுக் கூடுதல் இடமே தேவை.

சாயம் பூசுமுன் பதாகையைத் திடலின் ஒரு கோடியில் பிடிக்கச் செய்து, மறு கோடியில் நின்று படித்துப் பாருங்கள். ணகரம் னகரமாகத் தெரிந்தால் பென்சில் கோட்டை அழித்து, இன்னும் அகலமாக வரைதல் வேண்டும்.