தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே ஓர் அரசாங்கம்

ஊராட்சி என்றதும் உத்திரமேரூர்க் கல்வெட்டைத் தொட்டுத் தொடங்குவது நம் வழக்கம். ராசிபுரம், சங்ககிரிப் பக்கத்துக் கிராமங்களில் மேல்நிலைத் தொட்டியிலிருந்து தொடங்குவதே பொருத்தம்.

"ஏனுங்க, ரெண்டு நாளாத் தண்ணி வரலைங்களே?" குடத்தோடு நிற்பவர் முதலில் பிடிப்பது தண்ணீர் திறந்துவிடும் டேங்க் ஆபரேட்டரை. போர் மோட்டார் எரிந்திருந்தால் அவர் கிளார்க்கிடம் போவார். ஊராட்சிச் செயலருக்கு ஊர் வைத்த பெயர் அது. கிளார்க் பிரசிடெண்டிடம் சொல்வார். காயில் கட்டிக் கொடுக்க ஆள் கிடைத்துவிடுவார்; பில்லுக்குப் பணம் எடுப்பதில்தான் சங்கதி இருக்கிறது. தலைவர், துணைத்தலைவர் இருவரும் கையெழுத்திட்டால்தான் ஊராட்சிப் பணம் வெளியே வரும். தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள். இருவருக்கும் ஆகாதென்றால் பில் மேசையிலேயே கிடக்கும். ஆனாலும் இந்த இரட்டைப் பூட்டு நல்லதென்றே நினைக்கிறேன்.

வீட்டுவரி, தொழில்வரி, குடிநீர்க் கட்டணம் ஆகியவை சொந்த வருமானம். பட்டறையும் ஆலையும் உள்ள ஊராட்சி அதில் ஓரளவு சமாளிக்கும். மானாவாரிக் காட்டை நம்பிய ஊருக்குத் தெருவிளக்கின் கரண்ட் பில்லுக்கே மாநில நிதிக்குழு மானியம் வரவேண்டும்.

கேள்வி கேட்கும் இடம் கிராமசபை. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எல்லாரும் அதில் உறுப்பினர். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி என்று நான்காக இருந்த கூட்டம், 2022-இல் மார்ச் 22, நவம்பர் 1 சேர்ந்து ஆறானது. மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை என்றால் 100 பேராவது வரவேண்டும். வரவு செலவு அங்கே வாசிக்கப்படும். கையெழுத்துப் போட்டதும் கிளம்பிவிடுகிறவர்கள் அதைக் கேட்பதில்லை. கேட்டுவிட்டு, 'போன வருசம் மாத்துன மோட்டாரு எங்கீங்க?' என்று ஒருவர் எழுந்தால் கூட்டத்தின் முகமே மாறிவிடும்.

1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல். ஆனால் 2016-இல் முடிந்த பதவிக்காலத்துக்குப் பின் 2019 டிசம்பரில்தான் தேர்தல் நடந்தது. அப்போது வந்தவர்களின் காலமும் 2025 ஜனவரி 5-இல் முடிய, அதிகாரம் மறுபடியும் தனி அலுவலர்களிடம், அதாவது வட்டார வளர்ச்சி அலுவலர்களிடம் போனது. நாமக்கல் மாவட்டத்தின் 15 ஒன்றியங்களில் 322 ஊராட்சிகள். சேலத்தின் 20 ஒன்றியங்களில் 385. ஆக, ஓர் ஒன்றியத்தில் சுமார் இருபது ஊர்களின் எரிந்த மோட்டாருக்கும் ஒரே அதிகாரியின் கையெழுத்து.